பதினேழாவது கேள்வி

டீச்சர் ஜவுளிக்கடைப் பை ஒன்றோடு வந்திருந்தார். உட்கார்ந்ததும் உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்கினார். கார் பாலிசி. காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதம். தீயணைப்பு நிலையத்தில் வாங்கிய சான்று. ‘பெட்ரோல் ஓஸ் மாற்றியது – ரூ. 350’ என்று ஒற்றை வரி எழுதிய ஒர்க்‌ஷாப் பில். கடைசியில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பாலித்தீன் கவர் ஒன்று. அதற்குள் விரல் நீளத்தில் இரண்டு கறுப்புக் குழாய்த் துண்டுகள்.

“இது எதுக்கு டீச்சர்?”

“இது பழசு. இது புதுசுல வெட்டினது போக மிச்சம். மாத்துன பாகத்தைக் கையில குடுத்துடணும்னு கேட்டு வாங்கி டிக்கியில போட்டு வச்சிருந்தேன். முன்பக்கம் எரிஞ்சுபோச்சு, டிக்கி தப்பிச்சிருச்சு தம்பி.”

2012 மார்ச் மாதம் அது. மதுரையில் நான் தனியாக அலுவலகம் போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கவர்தான் வழக்கின் பாதி என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நிராகரிப்புக் கடிதத்தை எடுத்தேன்.

கடிதம் மூன்று காரணம் சொன்னது. கார்த்திகை மாதம் வாசலில் ஏற்றிய அகல் விளக்கிலிருந்து தீ பிடித்திருக்க வேண்டும். அது உரிமையாளரின் கவனக்குறைவு. ரப்பர் குழாய் கசிந்தது தேய்மானம். தேய்மானத்துக்குப் பாலிசியில் இடமில்லை. முந்தின நாள் மாலை 6 மணிக்கே கசிவு தெரிந்தும் மறுநாள் காலை 9 மணிவரை சும்மா இருந்துவிட்டு, தகுதியில்லாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்தது பாலிசியின் 4ஆம் நிபந்தனைக்கு விரோதம். வண்டியைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை அது.

டீச்சர் 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். கணவர் இறந்த பிறகு அவர் ஓட்டிய எட்டு வயதுச் சின்னக் காரை இவரே ஓட்டக் கற்றுக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று போய்வந்துகொண்டிருந்தார். பாலிசியில் வண்டியின் மதிப்பு 1,10,000 ரூபாய். பணத்தை விட அந்தக் கடிதத்தில் இருந்த ‘கவனக்குறைவு’ என்ற சொல்தான் அவரைப் படியேற வைத்தது. அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

நடந்ததை அவர் வாயால் கேட்டபோது எழுந்த முதல் எண்ணத்தை இப்போதும் மறைக்க மாட்டேன். இவ்வளவு கவனமாக இருந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

தீப்பிடித்ததற்கு மூன்று வாரம் முன்னால் பானட்டுக்குள் ஒரு குழாயில் லேசான ஈரம் தெரிந்து, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றியிருக்கிறார். பிறகு ஒரு வியாழக்கிழமை திருமங்கலத்தில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது சிக்னலில் பெட்ரோல் வாடை. பக்கத்தில் நின்ற பைக் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து போர்ட்டிகோவில் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து விளக்கு ஏற்ற வாசலுக்கு வந்தபோது அதே வாடை, தரையோடு தரையாக.

தீப்பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அன்று வாசலில் விளக்கு இல்லை. வியாழனும் அதுவுமாகக் கார்த்திகையில் விளக்கு ஏற்றாமல் இருப்பதா என்று அக்கா சண்டை போட்டிருக்கிறார். சண்டை தெருவுக்கே கேட்டிருக்கிறது. (அந்தச் சண்டை பின்னால் எங்களுக்குப் பெரிய சாட்சியாகும் என்று யாருக்குத் தெரியும்!) பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, சாவி போடாமல், ஹேண்ட்பிரேக்கை மட்டும் இறக்கி, நியூட்ரலில் தள்ளி, வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் திறந்தவெளியில் விட்டிருக்கிறார். விடிந்த பிறகு பார்த்திருக்கிறார். 7.30க்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போன். “ஒண்ணும் ஆகாதும்மா, மெதுவா ஓட்டிட்டு வாங்க” என்று பதில். மாட்டேன் என்று சொல்லி ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். 9 மணிக்கு வந்தது 19 வயசுப் பையன். 9.10க்கு வண்டி எரிந்துகொண்டிருந்தது.

ஜூனில் மதுரை மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டேன். காப்பீட்டு நிறுவனம் முதல் எதிர்மனுதாரர், ஒர்க்‌ஷாப் உரிமையாளர் இரண்டாவது.

நுகர்வோர் மன்றத்தில் சிவில் கோர்ட் மாதிரி கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். பிரமாணப் பத்திரங்களை வைத்தே வழக்கு நடக்கும். எதிர்த்தரப்பு கேள்வி கேட்டே தீர வேண்டும் என்றால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஒரு மருத்துவ வழக்கில் வழி சொல்லியிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த வழியைப் பிடித்தார். அனுபவசாலி. டீச்சருக்கு 23 கேள்விகள் கொடுத்தார். அத்தனையும் ஒரே திசையில் போயின: தெரிந்திருந்தும் நீ என்ன செய்தாய், ஏன் செய்யவில்லை.

வழக்கமாக இப்படி வினாப்பட்டியல் வந்தால் பதிலை வக்கீலே எழுதுவார். கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவார். டீச்சர் பட்டியலை வாங்கிக்கொண்டு போய், நான்கு நாள் கழித்து 14 பக்கம் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பரீட்சைத் தாள் போல இடப்பக்கம் மார்ஜின் விட்டிருந்தார். வீட்டில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் கசிகிறதா என்று ஆபத்தில்லாமல் பார்ப்பது எப்படி என்பதை அதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. கேஸ் கட்டு போன பிறகும் அதன் நகலை வைத்திருக்கிறேன். சில பதில்களை அப்படியே தருகிறேன்.

நான்காவது கேள்வி: வாடை தெரிந்தவுடன் விளக்கோ டார்ச்சோ கொண்டு வண்டிக்கு அடியில் ஏன் சோதிக்கவில்லை?

“பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கத் தொடங்கும். மதுரையில் எந்த நேரமும் அதற்கு மேல்தான். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். எனவே மேலே போகாமல் தரையில் படர்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே ஒரு பொறி போதும். சாதாரண டார்ச்சின் சுவிட்சிலும் பொறி உண்டாகலாம். நான் வாடையை உணர்ந்தது இரவு தொடங்கும் நேரம். கசிவு எங்கே என்று அன்றிரவே தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பொறி அருகே வராமல் பார்ப்பதே அப்போதைய வேலை. பகல் வெளிச்சத்துக்குக் காத்திருந்தேன்.”

எட்டாவது கேள்வி, போர்ட்டிகோவில் மின் இணைப்புகள் இருந்தனவா என்பது. இருந்தன. தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் அங்கேதான் இருந்தது. எரியும் விளக்கை அணைக்கவும் இல்லை, அணைந்த விளக்கைப் போடவும் இல்லை. சுவிட்சைத் தொடாமல் விட்டதுதான் எச்சரிக்கை என்று எழுதியிருந்தார். மோட்டார் பெட்டியின் மேல் சாக்பீஸால் ‘போடாதே’ என்று எழுதி வைத்தாராம். முன்பக்க ஜன்னல்களைச் சாத்தினார், ஆவி வீட்டுக்குள் இறங்காமல் இருக்க. வண்டி நின்ற இடத்தில் தரையில் கைக்குட்டை அளவு ஈரம். அதன்மேல் மணல் போட்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. பெட்ரோல் தண்ணீரில் மிதந்து சாக்கடைக்குப் போகும், தெருவில் எங்காவது பீடி நெருப்பைச் சந்திக்கும் என்று ஒரு வரி.

ஒன்பதாவது, அப்படியானால் 101க்கு ஏன் உடனே அழைக்கவில்லை? “சொட்டுச் சொட்டாக நிற்காமல் விழுந்திருந்தாலோ தேங்கியிருந்தாலோ அழைத்திருப்பேன், வீட்டையும் காலி செய்திருப்பேன். வண்டியைத் தள்ளிய பின் கால் மணி நேரம் தூரத்தில் நின்று பார்த்தேன். வாடை குறைந்தது. ஈரம் பெருகவில்லை.”

பதினொன்றாவது கேள்விக்கு அவர் எழுதிய பதில் மூன்று பக்கம். அது பெட்ரோல்தான் என்று வேதியியல் ஆய்வின்றி எப்படி முடிவு செய்தீர்கள்? கேள்வியில் கிண்டல் இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“காலை 6.45க்கு வெள்ளை அட்டை ஒன்றை வண்டிக்கு அடியில் நீளக் குச்சியால் தள்ளி, கால் மணி நேரம் விட்டேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் விழுவது சுத்தத் தண்ணீராக இருந்தால் ஏசி தண்ணீர். பச்சையாகவோ சிவப்பாகவோ வழவழப்பாக இருந்தால் ரேடியேட்டர் திரவம். பழுப்பும் கறுப்பும் இன்ஜின் ஆயில். தண்ணீர் தவிர மற்றவை அட்டையில் கறை விட்டு நிற்கும். அட்டையில் நான்கு துளிகள் இருந்தன. பள்ளிப் பழக்கத்தில் வீட்டில் வடிதாள் வைத்திருக்கிறேன். ஒரு துளியை அதில் ஒற்றினேன். இரண்டு நிமிடத்துக்குள் காய்ந்தது, கறையில்லை. பெட்ரோல் பங்கில் கலப்படம் பார்க்க நுகர்வோருக்குக் கொடுக்க வேண்டிய அதே வடிதாள் சோதனைதான் இது. இதை நான் வண்டியிலிருந்து 20 அடி தள்ளி வந்து செய்தேன்.

“இன்ஜின் 12 மணி நேரம் ஆறிய பிறகு பானட்டைத் திறந்தேன். அதற்குச் சாவி தேவையில்லை, உள்ளே இருக்கும் லீவர் போதும். நைலான் புடவை மாற்றிப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டேன். கைபேசியை வீட்டில் வைத்தேன். முகத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் முன்பு மாற்றிய குழாய் கிளாம்ப்பை ஒட்டிய இடத்தில் பலூன் போல் உப்பி, மேலே மினுமினுப்பாக ஈரம் இருந்தது. எதையும் தொடவில்லை. பானட்டைத் திறந்தபடி விட்டு விலகினேன்.”

பதின்மூன்றாவது: கிளாம்ப்பை முறுக்கியிருக்கலாமே, பேட்டரி வயரைக் கழற்றியிருக்கலாமே? நல்ல கேள்வி. வண்டி ஓட்டும் யாருக்கும் தோன்றுவது. டீச்சரின் பதில் ஆறு வரிதான். ஊசி மூலம் பெட்ரோல் பீய்ச்சும் வண்டிகளில் இன்ஜினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் மணிக்கணக்கில் தங்கியிருக்கும். மூட்டைத் தளர்த்தினால் முகத்தில் பீறிடும். உப்பிய ரப்பரை இறுக்கினால் கிழியும். பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றினால், கழற்றும் அந்தக் கணத்தில்தான் பொறி பறக்கும். “அறியாத கைக்கு அங்கே வேலையில்லை. என் கை அறியாத கை” என்று முடித்திருந்தார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தவன் பதினேழில் நின்றுவிட்டேன்.

கேள்வி: இரண்டாம் எதிர்மனுதாரரின் ஊழியரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தது யார்?

பதில்: “நான்.”

அதற்குக் கீழே: “பழைய குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்க டிக்கியைத் திறக்க வேண்டும் என்று கேட்டான். கொடுத்தேன். சாவி போடக் கூடாது என்று சொன்னேன். ஆனால் டிக்கியை நானே திறந்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்திருக்க வேண்டும். அது என் பிழை.”

காப்பீட்டு நிறுவனம் மூன்றாவது காரணமாகச் சொன்னதைக் கட்சிக்காரரே தன் கையால் எழுதிக் கொடுக்கிறார். எனக்குக் கோபம்கூட வந்தது.

“டீச்சர், இந்தக் கடைசி வரி வேண்டாம். ‘சாவி வண்டியோட பக்கத்தில் இருந்தது, பையன் எடுத்துக்கிட்டான்’னு மாத்திக்கலாம். பொய்யும் இல்லை, டிக்கியில தொங்கிக்கிட்டுத்தானே இருந்துச்சு.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

“தம்பி, அப்படி எழுதினா அந்தப் பையன் திருட்டுத்தனமா எடுத்த மாதிரி ஆகும். அவன் கை வெந்து கெடக்குறான். நான்தான் குடுத்தேன். அப்படியே இருக்கட்டும்.”

அப்படியே தாக்கல் செய்தேன். மனமில்லாமல்தான் செய்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. வழக்கு போய்விட்டது என்றே நினைத்தேன்.

பதில்கள் தாக்கலான அடுத்த வாரம்தான் நான் அந்தப் பாலித்தீன் கவரைப் பிரித்தேன். இரண்டு துண்டுகளையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். பழைய குழாயின் மேல் வெள்ளை எழுத்து வரிசை அழிந்தும் அழியாமலும் இருந்தது. எஸ்ஏஇ, ஜே30, ஆர்9 என்று படிக்க முடிந்தது. புதியதில் எழுத்தே இல்லை, வழுவழு கறுப்பு.

ஆட்டோமொபைல் துறையில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவரிடம் உட்கார்ந்து கற்றதுதான் எனக்கு இன்றுவரை உதவுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மெல்லிய அழுத்தத்தில் போகும். ஆர்7 என்று குறித்த குழாய் அதற்குப் போதும். ஊசி முறை வந்த பிறகு குழாயில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் நிற்கிறது. கார் டயரில் அடைக்கும் 30 பவுண்டு காற்றைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கென்று செய்த குழாய் ஆர்9. பெட்ரோலைத் தாங்கும் உள்ளுறை, நடுவே நூல் பின்னல், வெளியே வெப்பம் தாங்கும் தோல் என அடுக்கடுக்காக இருக்கும். கிளாம்ப்கூட வேறு. பல்லுப் பல்லாகத் துளை வெட்டிய சாதாரண வார்க் கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும். ஊசி முறைக்கு உள்பக்கம் மழமழவென்று இருக்கும் கிளாம்ப் வேண்டும்.

மிச்சத் துண்டிலிருந்து ஓர் அங்குலம் நறுக்கி, மன்றத்தின் அனுமதியோடு, மூடிய கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலில் ஒரு வாரம் ஊற வைத்தார். வெளியே எடுத்தபோது அது பஞ்சு மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் நசுங்கியது. தண்ணீருக்கும் காற்றுக்கும் போடும் ரப்பர் அது, பெட்ரோலுக்கு ஆகாது என்று அறிக்கை கொடுத்தார். பழைய துண்டையும் அதே மாதிரி ஊற வைத்துப் பார்த்தார். எட்டு வருடம் உழைத்த பிறகும் அது வடிவம் மாறவில்லை. ஒரு மீட்டர் குழாயில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது பழைய வண்டி வைத்திருக்கும் யார் என்னிடம் வந்தாலும் இந்தக் குழாயைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கிவிட்டது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம். மாற்றும்போது என்ன போடுகிறார்கள் என்று எழுத்தைப் படித்துப் பாருங்கள். பழையதைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

விளக்குக் காரணம் தானாகவே உதிர்ந்தது. நிறுவனம் அனுப்பிய விசாரணையாளர் வாசல்படியில் கரி படிந்த இரண்டு அகல்களைப் படமெடுத்து வைத்திருந்தார். கார்த்திகை மாதத்தில் எந்த வீட்டு வாசலில் கரி படிந்த அகல் இருக்காது? எதிர்வீட்டு அம்மா பிரமாணப் பத்திரம் கொடுத்தார்: அன்று மாலை விளக்கு ஏற்றாததற்காக அக்காவும் தங்கையும் போட்ட சண்டையைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டதாக. அக்காவும் கொடுத்தார். 71 வயசில், தன் தங்கையைத் திட்டிய வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். எரிந்தது காலை 9.10க்கு, வாசல்படியிலிருந்து 18 அடி தூரத்தில், வேப்பமரத்தடியில். மரத்தின் ஒரு பக்கக் கிளை கருகி நின்றது.

பாக்கி இருந்தது பையன்.

அவனைப் பார்க்க ஆறு மாதம் தயங்கினேன். ஒர்க்‌ஷாப் உரிமையாளர் தன் பதிலுரையில் எல்லாப் பழியையும் அவன்மேல் போட்டிருந்தார்: நான் பார்த்துவிட்டு மட்டும் வரச் சொன்னேன், பையன் தன்னிச்சையாக ஸ்டார்ட் செய்துவிட்டான். வேலையை விட்டும் நிறுத்தியிருந்தார். வலது கை முழங்கை வரை வெந்து பெரியாஸ்பத்திரியில் 11 நாள் கிடந்தவன். எங்களுக்கு எதிராகப் பேசினாலும் நியாயம் உண்டு.

டீச்சரோடு போனேன். அவனுடைய அம்மாதான் கதவைத் திறந்தார். டீச்சரைப் பார்த்ததும் அழுதுவிட்டார். தீப்பிடித்த அன்று அவன் கையை இழுத்துக் குழாயடியில் வைத்து இருபது நிமிடம் தண்ணீரை ஓட விட்டவர் டீச்சர். யாரோ இங்க் கொண்டு வந்தார்களாம், யாரோ தோசை மாவு, இரண்டையும் தள்ளிவிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பக்கெட் தண்ணீரோடு வண்டியை நோக்கி ஓடியபோது, பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீயும் சேர்ந்து ஓடும் என்று கத்தி நிறுத்தி, மணல் சாக்கைக் காட்டியதும் அவர்தான். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.

“நீ எனக்காகச் சொல்ல வேண்டாம்பா. நடந்ததை மட்டும் சொல்லு. சொல்ல வேண்டாம்னு தோணினா விட்டுரு” என்றார் டீச்சர்.

அவன் சொன்னான். குழாய் உப்பியிருப்பதைப் பார்த்ததும் அவனுக்கே பயம். ஓனருக்குப் போன் செய்திருக்கிறான். “சாவியப் போட்டுப் பாரு, எங்க அடிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே சாமான் குடுத்தனுப்ப முடியும்” என்று ஓனர். டீச்சர் அப்போது கேட் பக்கம், வேடிக்கை பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினாலே போதும், இன்ஜின் ஓடாவிட்டாலும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடிக் குழாயை அழுத்தத்தில் நிரப்பும். அவன் ஸ்டார்ட்டும் செய்தான். உப்பிய இடம் பிய்ந்து இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சியது. இறங்கி ஓடிப் போய்க் கிளாம்ப்பைக் கையால் பொத்தப் பார்த்திருக்கிறான். அந்த நொடியில்தான் பற்றியது.

அவனுடைய செல்போன் பில்லை அவன் அம்மா தேடி எடுத்துக் கொடுத்தார். 9.04க்கு ஒர்க்‌ஷாப் எண்ணுக்கு ஓர் அழைப்பு, இரண்டு நிமிடம். அது ஒரு சான்றாவணமானது. அவனுக்காக என் நண்பர் ஒருவர் 1923ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனியாக மனு போட்டார். அதில் நான் ஆஜராகவில்லை. இரண்டு வழக்கையும் ஒரே கையில் வைத்துக்கொள்வது முறையில்லை.

2014 பிப்ரவரியில் வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் 15 மணி நேர இடைவெளியைப் பெரிதாகப் பேசினார்: மாலை 6 மணிக் கசிவுக்கும் காலை 9 மணித் தீக்கும் என்ன தொடர்பு? நான் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டினேன். 1987 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்து நெடுஞ்சாலையில் விடிவதற்கு முன் ஒரு லாரியோடு மோதிப் பெட்ரோல் டேங்கர் சாலையோரம் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்துகொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் கூடினார்கள். சுமார் நான்கு மணி நேரம் கழித்து வெடித்தது, பலர் மாண்டார்கள். மோதலுக்கும் தீக்கும் நடுவில் அத்தனை நேரம் போனதால் தொடர்பு அறுந்துவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் கூடி நின்ற அந்த மனிதர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே விரட்டிக்கொண்டிருந்த டீச்சரும்.

தேய்மானம் பற்றி அதிகம் பேசவில்லை. பாலிசியின் முதல் பிரிவில் காப்பீட்டுக்குரிய ஆபத்துகளின் பட்டியலில் முதல் வரியே தீ. தேய்ந்த குழாயின் விலையை வேண்டுமானால் கழித்துக்கொள்ளட்டும். அந்தக் குழாய் மூட்டிய தீயைக் கழிக்க முடியாது என்றேன். மூன்று வாரக் குழாய்க்குத் தேய்மானமும் ஏது?

பிறகு பதினேழாவது கேள்வி. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதிலை மட்டும் எழுந்து நின்று உரக்கப் படித்தார். ‘அது என் பிழை’ என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு எழுந்திருக்கவே கால் வரவில்லை. மன்றத் தலைவர் 14 பக்கத்தையும் முன்னால் இருந்து புரட்டத் தொடங்கினார். பத்து நிமிடம் இருக்கும். யாரும் பேசவில்லை.

தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. ‘நியாயமான நடவடிக்கை’ என்று பாலிசி கேட்கிறது. தவறே நேராத நடவடிக்கையைக் கேட்கவில்லை. வண்டியைத் தானே இயக்க மறுத்து, பழுதுபார்ப்பவரை வீட்டுக்கு வரவழைத்து, வந்தவரிடம் எச்சரித்துச் சாவியை ஒப்படைப்பது சாதாரண உரிமையாளர் ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடிய கவனத்துக்குள் அடங்கும் என்றது மன்றம். தன்னிடம் உள்ள குறையைத் தானே எழுதிக் கொடுத்த மனுதாரரின் மற்ற 22 பதில்களையும் நம்ப மன்றத்துக்குத் தயக்கமில்லை என்ற வரியும் அதில் இருந்தது. அந்த வரியை நான் அழிக்கச் சொன்ன வரிதான் சம்பாதித்துக் கொடுத்தது.

எரிந்த வண்டியின் விலையைக் கழித்து 85,000 ரூபாய், நிராகரித்த தேதியிலிருந்து 9 சதவீத வட்டியோடு, காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும். ஒர்க்‌ஷாப் 20,000 ரூபாய் இழப்பீடும் செலவுத்தொகையும். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது, நிற்கவில்லை.

காசோலை வாங்க வந்த அன்று டீச்சர் கேட்டது வேறு. “அந்த ரெண்டு ஓஸ் துண்டும் திரும்பக் கிடைக்குமா தம்பி?” சான்றுப் பொருளைத் திரும்பப் பெற மனு போட்டு வாங்கிக் கொடுத்தேன். அடையாள எண் ஒட்டிய சீட்டோடு அதே மாதிரிக் கவரில் போட்டுக் கொண்டு போனார்.

இரண்டு வருடம் கழித்து என் வண்டிக்கு ஆயில் மாற்ற வில்லாபுரம் பக்கம் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். பானட்டுக்குள் குனிந்திருந்தவன் நிமிர்ந்தபோது வலது கையில் தோல் வேறு நிறத்தில் மினுங்கியது. அவனும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். பின்னால் சுவரில் ஸ்பேனர்கள் தொங்கும் ஆணி வரிசையில் கடைசி ஆணியில் அந்தக் கவர் தொங்கியது. ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியவில்லை. “டீச்சர் குடுத்தாங்க சார்” என்றான். பிறகு என் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கி, முதலில் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையைத் தள்ளினான்.